பாஸ்வேர்டு சரிதான்... அப்புறம் ஏன் மெயில் திரும்பத் திரும்பக் கேட்குது?

தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு. அதற்கான பில் ஆஃப் லேடிங் மெயிலில் காத்திருக்கிறது. ஆனால், நேற்று அப்டேட் ஆன தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ பாஸ்வேர்டு கேட்கிறது. சரியாகத்தான் டைப் பண்றீங்க. அடுத்த நொடியே அதே பெட்டி மறுபடி வருது. ஆழ்வார்திருநகரி வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஓடிவந்து உதவ ஐடி டீமும் பக்கத்தில் இல்லை. என்ன செய்யலாம்?

தப்பு எங்கே?

பெரும்பாலும் பாஸ்வேர்டில் இல்லை. லாகின் முறையில் இருக்கிறது. முன்பெல்லாம் மெயில் புரோகிராமிடம் பாஸ்வேர்டையே கொடுத்துவைத்தோம். வீட்டுச் சாவியை இன்னொருவரிடம் கொடுப்பது மாதிரி. இப்போதைய 'ஓஆத்' முறையில், கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் நீங்களே லாகின் செய்வீர்கள். புரோகிராமுக்குக் கிடைப்பது ஒரு டோக்கன் மட்டும்.

தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்குப் பழைய முறையை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தியது. அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 முதல் நிறுத்தியது. அப்டேட்டுக்குப் பிறகு டோக்கன் செல்லாமல் போனாலோ, செட்டிங் பழைய முறையிலேயே இருந்தாலோ, எத்தனை முறை டைப் செய்தாலும் உள்ளே விடாது.

இந்த வரிசையில் பாருங்க

1. முதலில் பிரவுசரில் லாகின் செய்து பாருங்கள். அங்கே திறந்தால் பாஸ்வேர்டு சரி, கோளாறு புரோகிராமில்தான்.

2. பழைய பாஸ்வேர்டை நீக்குங்கள். தண்டர்பேர்டில் 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' பகுதியிலும், அவுட்லுக் என்றால் விண்டோஸின் 'கிரெடென்ஷியல் மேனேஜரிலும்' அது இருக்கும்.

3. தண்டர்பேர்டில் அக்கவுன்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ் போய் 'அதென்டிகேஷன் மெத்தட்' என்பதை 'ஓஆத்2' ஆக்குங்கள். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி சர்வருக்கும் தனியாக மாற்ற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். குக்கீஸையும் அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் லாகின் பக்கம் பாதியில் நிற்கும்.

4. அவுட்லுக் 2016 போன்ற பழைய வெர்ஷனில் ஜிமெயில் பயன்படுத்தினால், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' உருவாக்குங்கள். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் இது செல்லாது; புதிதாக எடுக்க வேண்டும்.

ஸோஹோ மெயிலா?

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் நம்மூர் நிறுவனத்தின் மெயிலுக்கு மாறியவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் 'ஐமேப்' ஆன் ஆகியிருக்க வேண்டும். இந்திய டேட்டா சென்டர் கணக்கு என்றால், சர்வர் முகவரி 'டாட் காம்' அல்ல, 'டாட் இன்' என்று முடிய வேண்டும். டூ-ஃபேக்டர் போட்டிருந்தால் இங்கும் ஆப் பாஸ்வேர்டு தேவை.

இதை மட்டும் செய்யாதீங்க

அவசரத்தில் கணக்கையே டெலீட் செய்து மறுபடி சேர்க்க வேண்டாம். 'பாப்' முறையில் மெயில் எடுப்பவர்களுக்குப் பழைய மெயில்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கலாம். பேக்கப் இல்லாமல் அழித்தால், பழைய இன்வாய்ஸ்களும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்று: 'உங்கள் மெயில் முடக்கப்படும், உடனே பாஸ்வேர்டு கொடுங்கள்' என்று லிங்க்குடன் வரும் மெயிலை நம்ப வேண்டாம். பாஸ்வேர்டு பெட்டியைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள்தான் யோசிக்காமல் அதில் டைப் செய்துவிடுகிறார்கள். லாகின் பக்கம் வந்தால் முகவரியை ஒருமுறை படியுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.