தண்ணீர் இறங்க இறங்க

2025 ஜூனில் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு அருகேயுள்ள கூமாபட்டியை இன்ஸ்டாகிராம் ரீல் ஒன்று ஊருலகத்துக்கெல்லாம் காட்டிக்கொடுத்தது. தண்ணீரைப் பார்க்க வண்டி பிடித்து வந்தவர்கள் பலர். பறவை பார்க்கிறவர்களைக் கேட்டிருந்தால், “பிந்தி வந்துட்டீங்களே” என்றிருப்பார்கள். வத்திராயிருப்புச் சுற்றுவட்டாரக் கண்மாய்கள் களைகட்டுவது மாசி, பங்குனியில். நிரம்பி நிற்கும்போது அல்ல, வற்றத் தொடங்கும்போது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரமாக இருந்தாலும் இது மழை மறைவுப் பூமி. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் இங்கே பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளை நிரப்பி (முல்லைப் பெரியாறு வேறு, இது வேறு), அங்கிருந்து நாற்பது கண்மாய்கள் வரை தண்ணீர் கொண்டுசேர்க்கிறது. மார்கழியில் மறுகால் பாயும் கண்மாயைப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நாரைக்கு அங்கே வேலையில்லை, கால் எட்டாது. முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும்தான் நடுநீரில் மிதந்துகொண்டிருக்கும்.

நெல் விளைய விளைய மடை வழியே தண்ணீர் இறங்குகிறது. அகன்ற பரப்பில் சிதறிக் கிடந்த மீன்கள் சிறிய பள்ளங்களில் நெருக்கியடித்துக்கொள்கின்றன. தண்ணீர் கலங்கல்தான், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சங்குவளை நாரைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும். ஏதாவது உரசினால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் அலகு மூடிவிடும். முழங்கால் ஆழத்தில் அது நடக்க, கணுக்கால் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான், ஈரச்சேற்று ஓரத்தில் பொறி உள்ளான். கால் நீளத்துக்கு ஏற்றபடி பந்தி. நீர்விளிம்பு நாள்தோறும் பின்வாங்க, புதிதாக வெளிப்படும் சேற்றில் புழுவும் பூச்சிக் குஞ்சும் கிடக்கும். கரை சரிவாக இருந்தால் இந்தப் பந்தி வாரக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கூழைக்கடாவும் நாரையும் மழைக்குப் பிறகு கூடு கட்டுவதன் காரணமும் இதுதான். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் குஞ்சுகளின் பசி உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் சுற்றியுள்ள குளங்களில் மீன் பிடிப்பது எளிது. மனிதர்கள் மட்டும் என்ன? மதுரை, சிவகங்கைப் பக்கம் மீன்பிடித் திருவிழாவுக்கு ஊத்தாக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது தண்ணீர் குறைந்த பிறகுதானே.

இதே நேரத்தில் இன்னொரு கூட்டம் மூட்டை கட்டுகிறது. ஐரோப்பாவுக்கும் வட ஆசியாவுக்கும் வசந்தம் என்றால் பறவைகளின் வருகை, நமக்கோ வழியனுப்பு. நீலச்சிறகி என்னும் சிறு வாத்து பங்குனியில் விழுந்து விழுந்து தின்னும். வழிச்செலவுக்கான கொழுப்பு அது. ஆண்பறவைக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் பளிச்சென்று தெரியும். குளிர்காலத்தில் வெளிறிய வயிற்றோடு திரிந்த மீசை ஆலாவின் அடிவயிறு கருக்கத் தொடங்கும். சோளப்பட்சி என்கிற ரோசா மைனாவின் கதை இன்னும் வேடிக்கை. இதற்காக அது இறகு மாற்றிக்கொள்வதில்லை. பழைய இறகின் மங்கலான நுனி தேய்ந்து உதிர, அடியிலிருந்த ரோசா நிறம் வெளியே வருகிறது.

கிளம்பும் நாள் எப்படித் தெரிகிறது? வடக்கே பகல் நீள்வதைக் கொண்டு கணிக்கலாம். ஆனால் வத்திராயிருப்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுதான் கூடுதல். ஜெர்மானிய ஆய்வாளர் எபர்ஹார்ட் க்வின்னர் வலசைப் பறவைகளைப் பகல், இரவின் நீளம் மாறாத கூண்டறையில் வளர்த்துப் பார்த்தார். வெளியுலகக் குறிப்பு எதுவும் இல்லாமலேயே ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை அவை இறகுதிர்த்தன, கொழுத்தன, வலசைக் காலம் வந்ததும் இரவில் தவித்தன. உடம்புக்குள்ளேயே ஒரு காலண்டர் ஓடுகிறது. பகலின் நீளம் அதைத் திருத்தி வைக்கிறது, அவ்வளவே.

மலைப்பக்கமும் தண்ணீரை ஒட்டி வாழ்கிற உயிர் உண்டு. தாணிப்பாறை, செண்பகத்தோப்பு ஓடைக்கரை மரங்களில் வாழும் சாம்பல் நிற அணிலுக்காகவே 1988இல் சரணாலயம் வந்தது. 2021இல் அது திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. தமிழகம், கேரளம், கர்நாடகத்தின் சில இடங்களையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இந்த அணில் இல்லை. கிளைக்குக் கிளை தாவியே வாழ்வதால், ஓடைக்கரையில் மரம் விட்டுப்போகாமல் இருப்பது அதற்கு முக்கியம். காப்பகத்துக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. அடிவாரத்துக் கண்மாய்களுக்கு அது கிடையாது.

பொதுவாக, கண்மாய் மேம்பாடு என்றாலே செங்குத்தாக வெட்டி, வட்டமாகக் கரை போட்டு, நடைபாதை அமைப்பது என்றாகிவிட்டது. தூர்வார வேண்டாம் என்று எந்த விவசாயியிடமும் சொல்ல முடியாது. மண் மேவினால் கொள்ளளவு போய்விடும். ஆனால் மடைப்பக்கம் ஆழமாக வெட்டிவிட்டு, தண்ணீர் வந்து சேரும் மேட்டுப்பக்கச் சரிவை அப்படியே விடலாம். கிண்ணம் போல வெட்டிய குளத்தில் தண்ணீர் இருக்கும், நடந்து இரை தேடும் பறவை இருக்காது.

அந்தச் சரிவுச் சேற்றுக்குள்ளும் ஆள் இருக்கிறது. நத்தைகுத்தி நாரைக்கு இரையாகும் ஆப்பிள் நத்தைகளில் தப்பியவை, தண்ணீர் வற்றியதும் மண்ணுக்குள் புதைந்து ஓட்டின் மூடியைச் சாத்திக்கொள்ளும். செவுளோடு நுரையீரல் போன்ற அறையும் உண்டு என்பதால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்க முடியும். சித்திரை, வைகாசியில் ஜேசிபி அள்ளிப்போகும் வண்டலில் அவையும் போகின்றன. விட்டுவைத்த சரிவில் கிடப்பவை ஐப்பசி மழைக்கு மூடி திறக்கும்.