முறுக்குக்கும் ஒரு நம்பர் உண்டு!



எங்க அம்மா வீட்டிலேயே முறுக்கு சுட்டு, பாக்கெட் போட்டுக் கடைக்குக் கொடுக்கிறார். என் நோட்டும் பேனாவும் அந்தக் காசில்தான். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "கடைத்தெருவுல ஆபீசர் வந்திருக்காரு, பாக்கெட்டெல்லாம் பாக்குறாரு" என்றார். அம்மா பயந்துபோய் முறுக்கு டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மறுநாள் கடைக்காரரும், "நம்பர் இல்லாம இனிமே வாங்க மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டார். பத்து நாள் எங்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை.

அது என்ன நம்பர்? மகளிர் குழு அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. விற்பதற்காகச் செய்தால், ஓட்டல் அடுப்பு ஆனாலும் வீட்டு அடுப்பு ஆனாலும் இந்தச் சட்டம் உண்டு. பெரிய கம்பெனிக்கு லைசென்ஸ் வேண்டும். அம்மா மாதிரி சிறிதாகச் செய்பவர்களுக்குப் பதிவு மட்டும் போதும். 2011 விதியில் அதற்குப் போட்ட கட்டணம் வருடத்துக்கு வெறும் 100 ரூபாய்! போட்டோவும் அடையாள அட்டையும் கொண்டுபோய் கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பிக்கலாம்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வீட்டுக்கு வந்து பார்க்கவும் செய்யலாம். அவர் பார்ப்பது இவைதான்:

1. குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்கிறோமா?
2. பாத்திரமும் தரையும் சுத்தமா?
3. குப்பைத் தொட்டிக்கு மூடி உண்டா?
4. நகம் வெட்டி, தலைமுடியை மூடிக்கொண்டு வேலை செய்கிறோமா?
5. தொற்றுநோய் உள்ளவர் யாரும் சமைக்கிறாரா?

பதிவு ஆனதும் 14 இலக்க எண் தருவார்கள். அதைப் பாக்கெட்டில் போட வேண்டும். கூடவே சேர்ந்த பொருள்கள், எடை, விலை, செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம், முகவரி, சைவம் என்றால் பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், யார் செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டாமா? அதற்குத்தான்.

இன்னொரு விஷயம். வீட்டுக்கென்று வாங்கிய கரண்டில் வியாபாரத்துக்கு மிஷின் ஓட்டினால், 2003 மின்சாரச் சட்டப்படி கூடுதல் பணம் கட்டச் சொல்வார்கள். முதலிலேயே மின்வாரிய ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது. அம்மா மாவை மில்லில் கொடுத்துதான் அரைக்கிறார்.

இப்போது எங்க பாக்கெட்டிலும் நம்பர் இருக்கிறது. அதை எழுதுவது என் வேலை. டின் கட்டிலுக்கு மேலேதான் இருக்கிறது!

தோழிகளே, இன்று கடையில் பாக்கெட் வாங்கினால் அந்த எண்ணைப் பாருங்கள். 1-இல் தொடங்கினால் லைசென்ஸ் வாங்கியவர். 2-இல் தொடங்கினால் எங்க அம்மா மாதிரி பதிவு செய்தவர். உங்க வீட்டிலும் யாராவது ஊறுகாயோ மாவோ விற்றால் இதைச் சொல்லுங்கள். தெரியாததால்தான் பயம். தெரிந்தால் பயமில்லை.



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி