படபடக்கும் இருதயம்! "ஒன்றும் இல்லை" என்கிறார் டாக்டர்!

நெஞ்சுக்குள் திடீர் என்று ஒரு துள்ளல். அடுத்த கணம், அவிழ்த்து விட்ட குதிரைபோல இருதயம் ஓடுகிறது. கை நடுங்குகிறது. கண் இருட்டுகிறது.

வீட்டார் பதறிப்போய் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். போய்ச் சேருவதற்குள் அந்த ஓட்டம் நின்று விடுகிறது!

டாக்டர் "ஈ.சி.ஜி." எடுத்துப் பார்க்கிறார். "ஒன்றும் இல்லை அம்மா. எல்லாம் மனப் பயம்தான். நன்றாகத் தூங்குங்கள்" என்று சொல்லி அனுப்பி விடுகிறார்.

அடுத்த மாதம் மறுபடியும் படபடப்பு. மறுபடியும் அதே பதில். "இவளுக்கு இதே வேலை" என்று வீட்டிலும் பேச்சு எழுகிறது. நோயைவிட இந்தப் பேச்சுத்தான் அதிகம் வலிக்கும்.

நோயாளி பொய் சொல்லவில்லை. ஈ.சி.ஜி. கருவியும் பொய் சொல்லவில்லை. பிறகு எங்கே இருக்கிறது கோளாறு?

லட்சத்தில் பன்னிரண்டு

இருதயம் ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. சாதாரண ஈ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் 10 விநாடி. அதாவது, பன்னிரண்டு துடிப்பு!

திருடன் ஓடிப் போன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "திருடனே வரவில்லை" என்று சொல்லலாமா? "ஒன்றும் பதிவாகவில்லை" என்பது வேறு; "ஒன்றும் இல்லை" என்பது வேறு.

இருதயத்தைத் துடிக்க வைப்பது மின்சாரம். அது இருதயத்தின் மேல் அறையில் கிளம்பி, ஒரே பாதை வழியாகக் கீழ் அறைகளுக்கு இறங்குகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு குறுக்குப் பாதை இருக்கும். மின்சாரம் ஒன்றில் இறங்கி, மற்றொன்றில் ஏறி, செக்கு மாடுபோலச் சுற்றத் தொடங்கினால், துடிப்பு நிமிடத்துக்கு 150, 200 என்று பாயும். சுற்று அறுந்ததும் சட்டென்று நின்று விடும். அதன் பிறகு சோதித்தால், பலருக்கு ஒன்றும் தெரியாது.

107 பேரின் கதை

இப்படிப்பட்ட படபடப்பு இருப்பது உறுதியான 107 பேரைப் பற்றி 1997-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அவர்களில் 59 பேருக்கு முதல் சோதனையில் நோய் தெரியவில்லை. அந்த 59 பேரில் 32 பேருக்கு, "பயம், கவலை, மன உளைச்சல்" என்று டாக்டர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்! ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்த முடிவு அதிகம் கிடைத்திருந்தது.

முதுகில் சுமந்த கருவி

இந்தக் குறையைத் தீர்க்க வழி கண்டவர் நார்மன் ஹோல்டர். அமெரிக்காவில், மோன்டானா மாகாணத்தைச் சேர்ந்த விஞ்ஞானி. "கட்டிலில் அசையாமல் படுத்திருக்கும்போது மட்டும் இருதயத்தைப் பார்த்தால் போதுமா? நடக்கும்போதும், வேலை செய்யும்போதும் பார்க்க வேண்டாமா?" என்பதே அவரது எண்ணம்.

அவர் முதலில் செய்த கருவியின் எடை சுமார் 38 கிலோ! அதை மூட்டைபோல முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. எடையைக் குறைத்துக்கொண்டே வந்த அவர், 1961-ல் "சயின்ஸ்" பத்திரிகையில் தமது முறையை விளக்கி எழுதினார்.

இன்று அந்தக் கருவி உள்ளங்கையில் அடங்கும். பெயரும் "ஹோல்டர்"தான். உடம்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். 24 மணி நேரத்துத் துடிப்பையும் அது பதிவு செய்யும். எப்போதாவது மட்டும் படபடப்பு வருகிறவர்களுக்கு, பல நாள் ஒட்டிக்கொள்ளும் பட்டைகளும் உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

படபடப்பு வந்ததும், கட்டை விரல் பக்கமாக மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை இருப்பது சாதாரணம். தேதி, நேரம், எண்ணிக்கை, எப்படித் தொடங்கிற்று, எப்படி நின்றது — எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். "படபடப்பு வரும் நேரத்தில் பதிவு செய்ய வழி உண்டா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறு இல்லை.

எல்லாப் படபடப்பும் இருதய நோய் அல்ல. ரத்த சோகை, தைராய்டு கோளாறு, அளவுக்கு மிஞ்சிய காப்பி, உண்மையான மனக் கவலை ஆகியவற்றாலும் வரலாம். ஆனால், அது சோதித்த பிறகு சொல்ல வேண்டிய முடிவு. படபடப்போடு மயக்கம், மார்வலி, மூச்சுத் திணறல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

குறுக்குப் பாதைதான் காரணம் என்று தெரிந்து விட்டால், சிகிச்சை உண்டு. தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அந்தப் பாதையைச் சுட்டு அடைத்து விடுகிறார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியது இல்லை. பெரும்பாலோருக்கு நோய் அதோடு தீர்ந்து விடுகிறது.

வீட்டில் யாராவது "நெஞ்சு படபடக்கிறது" என்று சொன்னால், "பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, நாடியை எண்ணுங்கள்!