கங்காரு வாலும் கிரிவலக் காலும்

திருவண்ணாமலை கிரிவலம்: பௌர்ணமி இரவு, 14 கிலோமீட்டர், வெறுங்கால். வாயு லிங்கம் தாண்டியதும் ஒரு கூர்ங்கல் குதிகாலைக் கிழித்துவிட்டதா? ‘அண்ணாமலையாருக்கு அரோகரா!’ என்று நீங்கள் பாட்டுக்கு நடப்பீர்கள். தோலுக்குள் நடக்கும் கூத்தை எட்டிப் பார்க்கலாம், வாங்க!

முதலில் ரத்தம் உறையும். வெள்ளணுக்கள் வந்து குப்பை அள்ளும். அப்புறம் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அவசர அவசரமாக மூன்றாம் வகைக் கொலாஜன் புரதத்தை இழுத்துப் போடும். அது ஒப்புக்குத்தான். மாதக்கணக்கில் நொதிகள் அதை வெட்டித் தள்ள, உறுதியான முதலாம் வகை குடியேறும். இதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் எதில் தெரியுமா? வெட்டுப்பட்ட துண்டுகளில் சில சும்மா கிடப்பதில்லை. ‘இங்கே இடிஞ்சு கிடக்கு, கட்டு!’ என்று செல்களை உசுப்பிவிடுகின்றன!

பெப்டைடு எனப்படும் அந்தக் குட்டித் துண்டுகளைத்தான் ஆய்வகத்தில் செயற்கையாகக் கோக்கிறார்கள். 1963-ல் புரூஸ் மெரிஃபீல்டு காட்டிய வழி: பொடிப்பொடி பிசின் மணியில் ஓர் அமினோ அமிலத்தை ஒட்டு, கழுவு, அடுத்ததைக் கோத்துவிடு, மறுபடி கழுவு. கடைசியில் அமிலம் ஊற்றிக் கழற்றி, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைப் பொடி. ஐந்தே அமினோ அமிலம் கொண்ட அப்படியொரு துண்டு, வளர்ப்புச் செல்களைக் கூடுதலாகக் கொலாஜன் சுரக்கவைத்ததை 1993-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இன்னொரு தமாஷ். தட்டு நிறையச் செல்களை வளர்த்து, பிப்பெட் முனையால் சர்ரென்று ஒரு கீறல்! இரு கரையிலிருந்தும் செல்கள் ஊர்ந்துவந்து இடைவெளியை மூடுவதைக் கேமரா மணிக்கணக்கில் பிடிக்கும். பெப்டைடு போட்ட தட்டா, போடாத தட்டா, எது முந்தும்? (பெப்டைடு முகக்கிரீம் விளம்பரங்கள் தட்டில் நடந்ததை உங்கள் கன்னத்தில் நடந்ததாகவே பேசும். நம்பாதீர்கள்.)

சரி, இந்தக் கொலாஜனின் வடிவம் என்ன என்ற குட்டு உடைந்தது நம்ம மெட்ராஸில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வாங்கிவந்த கங்காரு வால் தசைநாணில் எக்ஸ் கதிர் பாய்ச்சினார்கள். கங்காரு வால்! முப்புரி இழை என்று 1954-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஒவ்வொரு புரியிலும் மூன்றுக்கு ஓரிடம் கிளைசின். புரிகள் நெருங்கும் நடுவில் அதைவிடப் பெரிசு எதுவும் நுழையாது. 1994-ல் ஹெலன் பெர்மனும் கூட்டாளிகளும் செயற்கைப் பெப்டைடு ஒன்றில் வேண்டுமென்றே ஒரு கிளைசினை எடுத்துவிட்டு, கொஞ்சமே பெரிய அலனினை வைத்துப் பார்த்தார்கள். சரியாக அந்த இடத்தில் முறுக்கு தளர்ந்திருந்தது!