உங்களுக்குத் தெரியுமா? கல்லை ஆராய்ந்து ‘டொக்டர்’ ஆன கலாயோகி

சிற்பம், சித்திரம், நாட்டியம் ஆகியவற்றின் தத்துவத்தை உலகறிய எழுதிய, கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமிக்கு (1877–1947) ‘டொக்டர்’ என்னும் பட்டத்தை ஈட்டித் தந்தது வைத்தியமும் அன்று, கலையும் அன்று. இலங்கையின் பாறைகளையும் கனிமங்களையும் பற்றி அவர் செய்த ஆராய்ச்சிக்காக லண்டன் சர்வகலாசாலை வழங்கிய விஞ்ஞான கலாநிதிப் பட்டமே அது.

• 1904இல் இலங்கையில் அவர் முதலில் விவரித்த, கறுத்துக் கனத்த சிறு கனசதுரக் கட்டிகளான தோரியனைட்டு, அதுவரை விஞ்ஞானம் அறிந்திராத கனிமம்.

• மட்டக்களப்பு மாவட்டத்து மாங்கேணியில் ‘டொக்டர்’ என்றால் வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்ப்பவரே நினைவுக்கு வருவார். அவ்வைத்தியர் கற்றுப் பெற்ற எம்.பி.பி.எஸ். ஓர் இளமாணிப் பட்டமே; ‘டொக்டர்’ என்பது மரபு தந்த மரியாதை.

• கூத்தை ஆராய்ந்து ‘டொக்டர்’ ஆனவரும் உண்டு: மட்டக்களப்பைச் சேர்ந்த பேராசிரியர் சி. மௌனகுரு, வட்டக்களரியில் அண்ணாவிமார் மத்தளம் கொட்டித் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைத் தாமே ஆடியும் ஆராய்ந்தும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலாநிதியானார். எழுத்தறியாக் கலைஞர் பலரின் வித்தைக்கும் உரிய கௌரவம் அது என்றே கொள்ளவேண்டும். ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என 1998இல் அவ்வாய்வு நூலாயிற்று.