நாளைய ஆட்டக்காரரைக் கணித்தல்

கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்னைக்கு வரும் இரண்டு மின்சார ரயில் பாதைகளும் பேசின் பாலத்தருகே கூடுகின்றன. அதற்கு அடுத்தாற்போல் இருப்பது, கால்பந்தாட்டத்தால் பெயர் பெற்ற வியாசர்பாடி. இப்பாதைகளில் கல்லூரிக்குச் சென்று வரும் மாணவர்களிடையே ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுவதுண்டு. சென்ற பருவத்தில் யாரும் பொருட்படுத்தாத ஆட்டக்காரருள் இவ்வாண்டு புகழ்பெறப் போகிறவர் யார்? இதற்குச் சோதிடம் வேண்டா. சிறிது கணக்கும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

முதலில் நோக்க வேண்டியது ஆட்டக்காரரை அன்று. அணியில் காலியாகும் இடத்தை. மூத்தவர் ஒருவர் விலகினாலும், பயிற்சியாளர் மாறினாலும், விதியே மாறினாலும் ஓர் இடம் திறக்கிறது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது ஓர் அணி ஒரே நேரத்தில் 6 அயல்நாட்டவரைக் களத்தில் நிறுத்தலாம். அவ்வெண் 2017-18 பருவத்தில் 5 ஆகவும், 2021-22-இல் 4 ஆகவும் குறைந்தது. அதனால் ஒவ்வோர் அணியிலும் இரண்டு இந்தியருக்குப் புதிதாக இடம் கிடைத்தது. அவர்களுள் சிலர் திடீரென்று திறமை பெற்றுவிட்டதாக நமக்குத் தோன்றியிருக்கலாம். திறமை முன்பே இருந்தது. அதைக் காட்ட இடந்தான் இல்லை.

அடுத்தது கணக்கு. ஒருவர் 1,800 நிமிடங்கள் ஆடி 5 கோல்கள் அடித்தார் என்றும், மற்றொருவர் 450 நிமிடங்களில் 3 அடித்தார் என்றும் கொள்வோம். முன்னவருக்கு 360 நிமிடங்களுக்கு ஒரு கோல். பின்னவருக்கு 150 நிமிடங்களுக்கு ஒன்று. உடனே பின்னவரே சிறந்தவர் என்று முடிவு கட்டிவிடலாகாது. மூன்று என்பது மிகச் சிறிய எண். அவற்றுள் ஒன்று பெனால்டியாக இருக்கலாம். இன்னொன்று எதிரியின் காலில் பட்டுத் திரும்பியதாக இருக்கலாம். ஆகவே கோல்களைவிட, கோலடிக்கத் தக்க இடத்திற்கு அவர் எத்தனை முறை வந்து சேர்ந்தார் என்பதை எண்ணுவதே மேல். அதிருஷ்டம் ஓர் ஆட்டத்தோடு போய்விடும். இடமறிந்து ஓடும் பழக்கம் அடுத்த பருவத்திற்கும் உடன் வரும்.

கோயம்புத்தூரில் ஆடிவந்த சென்னை சிட்டி அணி, 2017-18 ஐ-லீக்கில் 10 அணிகளுள் 8-ஆவதாக நின்றது. மறு பருவத்திலேயே அது வாகை சூடியது. 21 கோல்கள் அடித்த பெட்ரோ மான்சி, ஸ்பெயினின் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடியவர். நம்மவருள் அவர் பெயரை அறிந்திருந்தோர் மிகச் சிலரே. அவரையாவது பழைய ஆட்டங்களைப் பார்த்து ஒருவாறு ஊகித்திருக்கலாம். பட்டத்தை உறுதி செய்த ஆட்டமோ 2019 மார்ச் 9 அன்று நடந்தது. மினர்வா பஞ்சாபை 3-1 என வென்ற அவ்வாட்டத்தில் இரண்டு கோல்களை அடித்தவர் கௌரவ் போரா என்னும் தற்காப்பு ஆட்டக்காரர்! எந்தக் கணக்கும் அதை முன்கூட்டிச் சொல்லியிராது.

வயதையும் அளவு மீறி நம்புதல் கூடாது. இருபதிலிருந்து இருபத்து மூன்றுக்குள் ஒருவர் ஒளிர்ந்துவிட வேண்டும் என்பார் பலர். சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர் 2017-இல் டெல்லி டைனமோஸ் அணியில் சேர்ந்தார். ஆயினும் நாடறிந்த பெயராக அவர் ஆனது, 27 வயதை எட்டிய 2022-23 பருவத்தில், ஒடிசா அணிக்கு ஆடியபோதுதான். பின்னர் ஈஸ்ட் பெங்கால் அணிக்குச் சென்றார். 2023 ஆகஸ்டு 12 அன்று டுராண்ட் கோப்பையில் மோகன் பகானை அவ்வணி வென்றபோது, ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது.

பத்திரிகையில் பெயர் வந்த ஆட்டக்காரரைப் பற்றி இவ்வளவு சொல்லலாம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்துகொண்டே பந்தாடும் இளைஞனுக்கு நிமிடக் கணக்கு எழுதுவார் எவர்? அவனை அளப்பது பெரும்பாலும் ஒரே நாள் தேர்வு. இரவு ஷிப்டு முடிந்து, உறக்கமின்றி வந்து ஓடுகிறவனுடைய கால்கள் அன்று தளர்ந்திருக்கும்; நன்கு உறங்கி வந்தவன் முந்திவிடுவான். இது தேர்வாளரின் கண்ணில் உள்ள குறையன்று, பார்க்கும் முறையில் உள்ள குறை. அதே இளைஞனை வெவ்வேறு வாரங்களில் மூன்று ஆட்டங்களில், அதிலும் களைப்பு மேலிடும் கடைசி 20 நிமிடங்களில், பந்து தன்னிடம் இல்லாதபோது அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். உங்கள் கல்லூரி அணியிலேயே இதைத் தொடங்கலாம்.