கெட்டிமேளம் கொட்டும்போது ஃபில்டர் கழலவில்லையா? கேமராவுக்கு வந்தாச்சு காந்த வளையம்!

போன வருஷம் தை முகூர்த்தம். திண்டுக்கல்லில் சித்தி மகள் அக்காவுக்குக் கல்யாணம். போட்டோவுக்கு ஸ்டூடியோக்காரர் வந்துவிட்டார். "வீடியோவை நம்ம வீட்டுப் பையனே எடுக்கட்டும்" என்று சித்தப்பா என்னைக் கோத்துவிட்டார்.

காலை ஒன்பது மணி வெயில். மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு ஆரத்தி. வெளிச்சம் அதிகம் என்பதால் லென்ஸில் ஒரு ஃபில்டரைத் திருகி மாட்டியிருந்தேன். ஊர்வலம் உள்ளே வந்ததும் அதைக் கழற்ற வேண்டும். திருகினேன்... வரவில்லை. கை வியர்த்தது, இன்னும் அழுத்திப் பிடித்தேன், இன்னும் இறுகியது. அதற்குள் மேடையிலிருந்து "கெட்டிமேளம்... கெட்டிமேளம்!"

ஃபில்டரோடே எடுத்தேன். அக்கா கழுத்தில் தாலி ஏறிய நிமிடம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகளாகத்தான் பதிவானது. தாலித் தட்டைத் தொட்டுக் கும்பிட்டு, நடுங்கும் கையால் அட்சதை போட்ட பாட்டியின் முகமும் சரியாகத் தெரியவில்லை. சித்திரையில் பாட்டி தவறிவிட்டார். அந்த வீடியோவை வீட்டில் யாரும் என்னிடம் குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் உறுத்தல். அதன்பிறகுதான் காந்த ஃபில்டர் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

வெயிலுக்குக் கூலிங் கிளாஸ்!

ஃபோனிலேயே ஆயிரம் ஃபில்டர் இருக்கும்போது கண்ணாடி எதற்கு என்று கேட்கலாம். ஃபோனில் இருப்பது எடுத்த படத்தின் நிறத்தை மாற்றும். லென்ஸில் மாட்டுவது, படம் பதிவாகும் முன்பே ஒளியைக் கட்டுப்படுத்தும்.

அதிகம் பயன்படுபவை இரண்டு. ஒன்று என்.டி ஃபில்டர். இது கேமராவின் கூலிங் கிளாஸ். என்.டி 8 என்றால் எட்டில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும். என்.டி 64 என்றால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அருவி நீர் பால் வழிவதுபோலத் தெரியும் படங்கள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன. 1/125 விநாடியில் எடுக்க வேண்டிய படத்தை என்.டி 64 மாட்டினால் சுமார் அரை விநாடிக்கு நீட்டலாம். வீடியோவிலும் அப்படித்தான். விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/50-ல் இருந்தால் அசைவு இயல்பாகத் தெரியும். ஆனால், உச்சி வெயிலில் அந்த வேகத்தில், பின்னணியை மங்கலாக்கும் அகலத் துவாரத்தில் எடுத்தால் படம் வெளுத்துவிடும். அதற்குத்தான் என்.டி.

இன்னொன்று போலரைசர். குளத்து நீர், கார் கண்ணாடி, மழையில் நனைந்த இலை ஆகியவற்றின் பளபளப்பைக் குறைக்கும். வானத்தின் நீலத்தைக் கூட்டும். லென்ஸில் மாட்டி, வளையத்தைச் சுற்றிச் சுற்றி அளவு பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே தேவைப்படும் இவை இரண்டும் உள்ளே வந்ததும் பாரம். அதனால், சட்டென்று கழற்ற முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

ஏன் இறுகுகிறது?

வழக்கமான ஃபில்டரில் மெல்லிய மரை இருக்கும். அதில் தூசி புகுந்தாலும், சற்றுக் கோணலாக ஏற்றினாலும் சிக்கிக்கொள்ளும். அலுமினிய வளையம் எளிதில் இறுகும். பித்தளை அவ்வளவாக இறுகாது. அன்று நான் செய்த பெரிய தவறு, இரண்டு விரலால் நெரித்துப் பிடித்தது. அப்படி நெரித்தால் வட்டமான வளையம் லேசாக நீள்வட்டமாகி, மரையை இன்னும் கவ்விக்கொள்ளும்.

சிக்கினால் செய்ய வேண்டியது எளிது. அகலமான ரப்பர் பேண்டை விளிம்பில் சுற்றி, எல்லாப் பக்கமும் சமமாக, மெதுவாகப் பிடித்து இடப்பக்கமாகத் திருகுங்கள். குறடு மட்டும் வேண்டவே வேண்டாம்!

காந்தம் செய்யும் வேலை

காந்த ஃபில்டரில் முதலில் ஒரு வளையத்தை லென்ஸ் மரையில் திருகி, அப்படியே விட்டுவிடுகிறோம். ஃபில்டரின் விளிம்பில் சிறிய, சக்திவாய்ந்த காந்தங்கள். அருகே கொண்டுபோனாலே `டக்'கென்று உட்காரும். இழுத்தால் கையோடு வரும். ஐஃபோன் 12-லிருந்து பின்புறம் சார்ஜர் ஒட்டிக்கொள்கிறதே, அதே மாதிரிதான்.

ஒன்றின் மேல் ஒன்றாகவும் ஒட்டலாம். வேறு லென்ஸுக்கு அளவு பொருந்தும் வளையத்தை மட்டும் வாங்கிக்கொண்டால், அதே ஃபில்டர் போதும்.

வாங்கும் முன் ஒரு நிமிடம்...

* அளவு: லென்ஸின் முன்பக்கம் வட்டத்தில் குறுக்குக்கோடு போட்ட குறியோடு 52, 67, 77 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் மரையின் மில்லிமீட்டர் அளவு. உங்களிடம் உள்ள பெரிய லென்ஸுக்கு ஏற்ற ஃபில்டரை வாங்குங்கள். சின்ன லென்ஸுக்கு இணைப்பு வளையம் போதும். ஒரு கம்பெனி ஃபில்டர் இன்னொரு கம்பெனி வளையத்தில் பொருந்தாமல் போகலாம்.

* விழும் அபாயம்: நேராக இழுத்தால் காந்தம் உறுதியாக நிற்கும். பக்கவாட்டில் இடித்தால் நழுவிவிடும். கூட்டத்தில் ஒரு முழங்கை போதும்! விளிம்பில் பள்ளமோ பூட்டோ உள்ள வகை பாதுகாப்பு. பாலத்திலோ படகிலோ நின்று எடுப்பவர்களுக்குத் திருகும் ஃபில்டரே நல்லது.

* மணல்: பள்ளிக்கூட நாள்களில் மணலில் காந்தத்தை இழுத்து இரும்புத் துகள் சேர்த்திருப்பீர்கள். அதையே இந்த வளையமும் செய்யும். மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட்டைப் பிரிக்கவே காந்தம்தான் பயன்படுகிறது. இடையில் ஒரு துகள் உட்கார்ந்தாலும் பிடிப்பு தளரும். கண்ணாடியிலும் கீறல் விழலாம். கடற்கரையில் ஃபில்டரைக் கீழே வைக்காதீர்கள்.

* மூலை கறுப்பு: அகலக்கோண லென்ஸில் வளையமும் இரண்டு ஃபில்டரும் சேர்ந்தால் படத்தின் மூலைகள் இருண்டுபோகும். பழைய மூடியும் ஹூடும்கூடப் பொருந்தாமல் போகலாம். செட்டோடு காந்த மூடியும் வருகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குள் கவனம்

மெமரி கார்டுக்கு ஒன்றும் ஆகாது. அதில் தகவல் காந்த முறையில் பதிவாவதில்லை. ஏ.டி.எம் கார்டின் கறுப்புப் பட்டைக்கு ஆகாது. ஒரே பையில் போடாதீர்கள். ஃபோனின் கேமரா அருகே காந்தம் வந்தால் ஃபோகஸும், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியும் தற்காலிகமாகத் தடுமாறலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. ஃபோனுக்கான காந்த ஃபில்டர் வாங்குகிறவர்கள் மாட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் சக்திவாய்ந்த காந்தமுள்ள சாதனங்களை உடலில் கருவி உள்ள இடத்திலிருந்து 15 செ.மீ-யாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அறிவுரை. ஃபில்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தாத்தாவைக் கட்டிப்பிடிக்காதீர்கள். கேமராவை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு படமும் எடுக்காதீர்கள். கழன்று விழும் குட்டிக் காந்தங்கள் குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

யாருக்குத் தேவை?

வருஷத்துக்கு ஒருமுறை டூர் போகும்போது மட்டும் கேமராவை எடுப்பவர்களுக்கு அவசியமில்லை. திருகும் ஃபில்டர் ஒன்றும், ஒரு ரப்பர் பேண்டும் போதும். வெயிலுக்கும் மண்டபத்துக்கும் மாறி மாறி ஓடுகிறவர்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

நான் வாங்கிவிட்டேன். ஆவணியில் இன்னொரு கல்யாணம். வீடியோ பொறுப்பு மறுபடி என்னிடம்தான் வந்தது. வாசலிலிருந்து மேடைக்குப் போகும் வழியிலேயே ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். அட்சதைத் தட்டு வந்தபோது, முதலில் பெரியவர்கள் பக்கம்தான் கேமராவைத் திருப்பினேன். ஒவ்வொரு முகமும் தெளிவாக விழுந்திருக்கிறது.